நெட்வொர்க் இல்லாத மலையில் நெட்வொர்க் ஹெட்செட்: முதல் செட் யாருக்கு?

காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எல்இடி வால், ட்ரஸ், ஸ்பீக்கர் எல்லாம் ஏற்றிய வண்டி அந்த வளைவுகளை முக்கி முனகி முடிக்கும் இடம் சோளக்காடு. இறங்கியதும் ஒரு டீ. டீ கைக்கு வருவதற்குள் எல்லோரும் போனை எடுத்துப் பார்ப்போம். “நெட்வொர்க் இருக்கா?”

கொல்லிமலையில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்: டவர் எடுக்குதா, இல்லையா. அதனால்தான் ‘நெட்வொர்க் இன்டர்காம் ஹெட்செட்’ என்று சொன்னவுடனே, “மலையில அது எங்க வேலை செய்யப் போகுது?” என்ற பதில் வருகிறது. உண்மையில் அந்தக் கருவிக்கு செல்போன் டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். சிக்னல் நன்றாக இருக்கும் சென்னையைவிட இந்த மலைக்குத்தான் அது அதிகம் தேவை என்பது என் கருத்து. அதைவிட முக்கியமாக, அதை யார் தலையில் மாட்டுகிறோம் என்பதில் நாம் தவறு செய்துகொண்டிருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடக்கும் செம்மேடு இந்த மலையில்தான் இருக்கிறது. வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, மேடை நிகழ்ச்சிகள் என்று இரண்டு நாளும் மலை நிறைந்துவிடும். அது தவிர கோயில் விழா, கல்யாணம், கட்சிக் கூட்டம். இப்போது எதுவாக இருந்தாலும் யூடியூப் லைவ் உண்டு. லைவ் என்றால் ஐந்தாறு பேராவது வெவ்வேறு மூலையில் நின்றுகொண்டு ஒரே நொடியில் ஒரே வேலையைச் செய்தாக வேண்டும். கேமரா இரண்டு பேர், மிக்ஸிங்கில் ஒருவர், சவுண்ட், லைட், மேடை ஓரத்தில் ஒருவர், பின்னால் ஜெனரேட்டரிடம் ஒருவர்.

இவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் கால்.

அம்மா போன் பண்ணினால்?

மீடியா படிக்கும்போது சீனியர்களோடு சேர்ந்து ஒரு கோயில் விழா லைவுக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். எல்லோரும் ஒரு கைபேசிக் குழு அழைப்பில் இருந்தோம். சாமி புறப்பாடு சமயம், கேமரா இரண்டில் நின்ற அண்ணனுக்கு வீட்டிலிருந்து போன். அவர் எடுத்துவிட்டார், பாவம், அம்மா ஆச்சே. அவர் லைன் ஹோல்டுக்குப் போனது. நாங்கள் ‘டூ, லெஃப்ட் வாங்க, லெஃப்ட்’ என்று கத்திக்கொண்டிருக்க, அவர் சாப்பாட்டு விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்து நடந்தது அப்படியில்லை. எல்இடி வாலில் ஒரு பகுதி அணைந்துவிட்டது. ஒரு ஹெல்பர் தம்பி பின்னால் போய் கனெக்டரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஜெனரேட்டர் பக்கம் இருந்தவருக்குத் தெரியாது. அவர் எங்கள் அழைப்பிலேயே இல்லை. ‘லைன் போயிடுச்சு போல’ என்று அவர் சுவிட்சை மறுபடி தூக்கினார். தம்பிக்கு ஷாக். நல்ல வேளை, கையை உதறிவிட்டான், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி அவன் பரோட்டாவைக் கூட இடது கையால்தான் பிய்த்தான். லைவ் பார்த்த யாருக்கும் இது தெரியாது. திரையில் ஐந்து நிமிடம் கோபுரம் மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான்.

குழு அழைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருவிழாவில் கூடியிருக்கும் ஒவ்வொரு கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலிருந்தும் ஒரு ரீல்ஸ். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போதுதான் டவர் திணறும். நமக்குத் தொடர்பு தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான்.

அப்படி என்ன இருக்கிறது இதில்?

1968-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ராக் கச்சேரிகளின் சத்தத்துக்குள்ளும் குழுவினர் பேசிக்கொள்ள உருவானது கிளியர்-காம் இன்டர்காம். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, தலையில் ஹெட்செட், எல்லோரையும் இணைக்கும் ஒரு கேபிள். ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். ‘பார்ட்டி லைன்’ என்று பெயர். இன்றைக்கும் பல அரங்குகளில் இந்த கேபிள் முறைதான்.

டிஜிட்டல் வந்தபோது இரண்டு மாறின. ஒன்று, குரல் டேட்டாவாக மாறி, கம்ப்யூட்டரை இணைக்கிற அதே லேன் கேபிளில் ஓடத் தொடங்கியது. மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டெனா, ஒப்பனை அறைப் பக்கம் ஓர் ஆண்டெனா, நடுவில் ஒரு சுவிட்ச். அதே கேபிளில் மின்சாரமும் போய்விடும். ஹெட்செட் போட்டவர் நடந்து போனால் ஓர் ஆண்டெனாவிலிருந்து அடுத்ததற்குப் பேச்சு அறுபடாமல் கைமாறும். ‘நெட்வொர்க்’ என்று சொல்வது இந்த உள்ளூர் வலையைத்தான். ஏர்டெல், ஜியோவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது, கேபிளே இல்லாமல் பேசும் வசதி. இந்த ஒயர்லெஸ் செட்களில் பல, டெக்ட் என்ற தொழில்நுட்பத்தில் ஓடுகின்றன. வீட்டு கார்ட்லெஸ் போனுக்கு ஐரோப்பாவில் உருவான தரம் அது. ரீடல் நிறுவனத்தின் பொலேரோ, கிளியர்-காமின் ஃப்ரீஸ்பீக், கல்யாண வீடியோகிராபர்கள் பயன்படுத்தும் ஹாலிலேண்ட் சாலிட்காம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒரு நொடியை 100 சட்டகங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 24 துண்டாக்கி, ‘உனக்கு இது, எனக்கு அது’ என்று பங்கு போட்டுக்கொடுக்கிறது டெக்ட். அதனால் பேசுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம், இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். கூட்டத்தின் போன்களிலிருந்து வரும் வைஃபை, புளூடூத் நெரிசல் 2.4 கிகாஹெர்ட்ஸில். டெக்ட் 1.9-ல் ஒதுங்கி நிற்கிறது.

நம் ஊருக்கு டெக்ட் புதிதும் இல்லை. 1990-களில் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘கார்டெக்ட்’ இதே தரத்தின் மேல் கட்டப்பட்டதுதான். கேபிள் இழுக்க முடியாத கிராமங்களுக்கு போனும் இன்டர்நெட்டும் கொடுத்தார்கள். நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை எட்டியது. கார்டெக்ட் போய்விட்டது; அதன் உறவுக்காரர் இப்போது கேமராமேன் காதில் உட்கார்ந்திருக்கிறார்.

பனி மறைக்கும், அலை மறையாது

கொல்லிமலையில் இதை நான் வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் பனிமூட்டம். ஆடி மாதச் சாயங்காலம் மேகம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டால் முப்பது அடியில் நிற்பவர் தெரிய மாட்டார். சமவெளியில் நாம் கையை ஆட்டி, டார்ச் அடித்து, விசில் அடித்துச் சமாளிக்கும் எதுவும் அப்போது செல்லாது. ஆனால் பனி கண்ணுக்குத்தான் சுவர். 1.9 கிகாஹெர்ட்ஸ் அலையை அது பெரிதாகத் தடுப்பதில்லை.

தடுப்பவை வேறு: கான்கிரீட் சுவர், லாரி, ஈர மரங்கள், மனித உடம்பு. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை தொடங்கி வரிசையாகப் பல விலங்குகளைத் துளைத்துப் போனதாகச் சங்கப் பாடல் சொல்கிறது. இந்த அலைக்கு அந்தத் திறமை கிடையாது. பெட்டியில் ஆயிரம் அடி என்று போட்டிருந்தால், நடுவில் எதுவும் இல்லாதபோது ஆயிரம் அடி என்று படிக்க வேண்டும். நடுவில் ஒரு கூட்டம் எழுந்து நின்று கைதட்டினாலே கணக்கு மாறும். ஆண்டெனாவைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டுவது அதனால்தான்.

“வாக்கி டாக்கி போதாதா? விலையும் கம்மி” என்று கேட்பார்கள். அதில் தமிழுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? வாக்கி டாக்கியில் அவசரத்தில் வாக்கியம் முடிவதற்குள் பட்டனை விட்டுவிடுவது எல்லோருக்கும் வழக்கம். கடைசிச் சொல் போய்ச் சேராது. தமிழில் ‘வேண்டாம்’ என்பது வாக்கியத்தின் கடைசியில்தானே வருகிறது! “ஆன் பண்ண வேணாம்” என்று நீங்கள் சொல்ல, அந்தப் பக்கம் “ஆன் பண்ண…” என்று மட்டும் கேட்கும். மறுப்பு முன்னாலேயே வந்துவிடும் ஆங்கிலத்துக்கு இந்தப் பிரச்சினை குறைவு. எந்தக் கருவி வைத்திருந்தாலும் சரி, ‘நிறுத்து’ என்ற சொல்லை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். “நிறுத்து. வால் பின்னாடி ஆள் இருக்கு.” இதற்குக் காசு செலவே இல்லை.

ஜெனரேட்டர் அண்ணன் எங்கே?

இப்போது என் புகாருக்கு வருகிறேன். ஹெட்செட் வாடகைக்கு எடுக்கும் குழுக்களில்கூட அது யாருக்குப் போகிறது? இயக்குபவருக்கு, கேமராக்காரர்களுக்கு, ஜிம்மி ஜிப் இருந்தால் அவருக்கு. அதாவது படம் நன்றாக வர வேண்டியவர்களுக்கு. உயரத்தில் ஏறுகிறவர், மின்சாரத்தைத் தொடுகிறவர், ட்ரஸ்ஸுக்குக் கீழே நிற்கிறவர் இவர்களெல்லாம் அழைப்புக்கு வெளியே. “அவருக்கு எதுக்குங்க ஹெட்செட், ஒரு ஆளை அனுப்பிச் சொல்லிக்கலாம்” என்பார்கள். அந்த ஆள் ஈரத் தரையில் ஓடிப் போய்ச் சொல்வதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பதை நான் பார்த்துவிட்டேன்.

நான்கு செட்தான் இருக்கிறது என்றால் நான் கொடுக்கும் வரிசை இதுதான்: முதலில் ஜெனரேட்டர் அண்ணன், அடுத்து மேடை ஓரத்தில் நிற்பவர், பிறகு மிக்ஸிங், அதன் பின் கேமரா ஒன்று. கேமரா இரண்டுக்கு? வைட் ஷாட் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்லலாம். கேமரா நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். “ஜெனரேட்டர் சத்தத்துல அவருக்கு என்னங்க கேட்கும்” என்ற எதிர்வாதமும் வரும். நியாயம்தான். காதை முழுவதும் மூடும் ஹெட்செட்டை அவருக்குக் கொடுக்க வேண்டும். ராக் கச்சேரிச் சத்தத்தில் கேட்பதற்காகப் பிறந்த கருவிக்கு டீசல் இன்ஜின் ஒரு பொருட்டா என்ன?

இன்னொன்றும் உண்டு. மேடையில் ஆடக் காத்திருக்கும் மலைக் கிராமத்துக் குழுவுக்கு, ‘இன்னும் இரண்டு நிமிஷம்’ என்று ஒருவர் அருகில் நின்று மெதுவாகச் சொல்வதும், ஸ்பீக்கரில் எல்லோர் முன்னாலும் “ஏய், அந்த டீம் எங்கப்பா?” என்று கேட்பதும் ஒன்றல்ல. மைக்கில் ஆள் தேடுவது நம் விழாக்களில் ரொம்பச் சாதாரணமாகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு எரிச்சல், காத்திருப்பவர்களுக்கு அவமானம்.

வாங்குவதற்கு முன்

பெரிய நிறுவனங்களின் முழு அமைப்பு லட்சங்களில் இருக்கும். சின்னக் குழு அதை வாங்கத் தேவையில்லை. வாடகைக்கு எடுக்கலாம். நகராமல் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு பழைய கேபிள் இன்டர்காமே போதும், வயர் இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஜெனரேட்டர் அண்ணன் நகராதவர்தான். அவருக்கு கேபிள்தான் இன்னும் நம்பகம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஐரோப்பிய டெக்ட் 1880–1900 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க டெக்ட் 1920–1930. அமெரிக்க அலைவரிசை இங்கே 2100 மொபைல் பேண்டின் எல்லைக்குள் வந்து விழுகிறது. பெட்டியில் இந்தியாவுக்கான ஈடிஏ ஒப்புதல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தருவது அது. வாக்கி டாக்கிக்கும் இதே கதைதான்: 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் இயங்குபவற்றுக்கு மட்டும் 2018 முதல் உரிமம் வேண்டாம். மற்றவற்றை ஒப்புதல் விவரம் இல்லாமல் விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

விழா நடத்துபவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நான் பார்த்த கொட்டேஷன்களில் மைக்செட், லைட், எல்இடி, ஜெனரேட்டர், சாப்பாடு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். இன்டர்காம் என்ற வரி மட்டும் இருக்காது. வரி இல்லாததால் பணம் இல்லை, பணம் இல்லாததால் குழு அதைக் கொண்டுவருவதில்லை. அரசு விழாவோ ஊர்த் திருவிழாவோ, ‘குழுவினர் பேசிக்கொள்ளும் வசதி, ஜெனரேட்டர் இயக்குபவர் உட்பட’ என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். மேடை அலங்காரத்தில் இரண்டு பூ வளையம் குறைத்தால் ஒரு நாள் வாடகை வந்துவிடும்.

சோளக்காட்டில் அந்த டீ முடிந்து வண்டி செம்மேட்டுக்குக் கிளம்பும். இடம் போய்ச் சேர்ந்து, ட்ரஸ் ஏறி, ஸ்பீக்கர் வைத்த பிறகு, கூட்டம் வருவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் ஹெட்செட் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால், லாரிக்கு அந்தப் பக்கம், ஒப்பனை அறைக்குள் எல்லாம் நடந்தபடியே பேசட்டும். எங்கே குரல் அறுபடுகிறதோ அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் போதும். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இருந்தால், ஆண்டெனாவை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டியதுதான்.