கரண்டியை விடாத மேனேஜர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. அப்பன்காரனைக் காணோம். தேடிப் போனால், மண்டபத்து மாடிப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் தங்கை மகன்தான். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனி. மூன்று மாதத்துக்கு முன்னால் மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். "ஜூனியர் பையன் பண்ணினது சரியில்ல மாமா. அவனுக்குச் சொல்லிக்குடுக்கிற நேரத்துல நானே முடிச்சிடலாம்" என்றான்.

எனக்கு எரிந்தது அதற்காக இல்லை. பின்னாலேயே வந்த அவன் அப்பா, மகனைப் பெருமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னதற்காக: "வேலையில புலி மச்சான். அதான் ஒன்பது பேருக்குத் தலைவனா போட்டிருக்காங்க. வேலை தெரிஞ்சவன்தானே வேலை வாங்க முடியும்?" சுற்றி நின்ற அத்தனை தலைகளும் ஆடின.

இந்தத் தலையாட்டலைத்தான் நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். நன்றாக வேலை செய்கிறவனை நாற்காலியில் உட்காரவைத்தால் நன்றாக நடத்துவான் என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு மதம். நன்றாக நீந்துகிற மீனை மரத்தில் ஏற்றிவிட்டு, கீழே நின்று கைதட்டுகிற மதம்.

இவர்களிடம் நான் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வேன். சச்சின் டெண்டுல்கர். வேலை தெரியாதவர் என்று அவரை யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். 1996இல் அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். எல்லாம் சேர்த்து 25 டெஸ்ட் போட்டிகளில் தலைமை தாங்கினார். ஜெயித்தது 4. ஒருநாள் போட்டிகள் 73. தோற்றது 43. 1997 மார்ச், பார்படாஸ். ஜெயிக்க வேண்டியது 120 ரன். இந்தியா 81க்கு ஆல் அவுட். முதல் இன்னிங்ஸில் கேப்டன் 92 அடித்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். வேலையில் குறை வைக்கவில்லை. அவர் அடித்த 92ஐ மற்ற பத்துப் பேருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க ஒரு வழியும் இல்லாமல் போனதுதான் விஷயம்.

அதே டெண்டுல்கர் உலகக்கோப்பையைத் தொட்டது எப்போது? 2011இல், தோனியின் தலைமையில். கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் தோனி. மட்டையைப் பிடிக்கிற அழகில் டெண்டுல்கருக்குப் பக்கத்தில் அவரை யாரும் வைக்கமாட்டார்கள். கோப்பை மட்டும் அவர் கையில் இருந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் இந்தப் பாடத்தை இன்னும் கொஞ்சம் கேவலமாகக் கற்றுக்கொண்டார்கள். ஆட்டத்தில் புலியான இயன் போத்தம் 12 டெஸ்டுகளுக்குக் கேப்டன். வெற்றி பூஜ்யம். 1981இல் லார்ட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் அவர் ரன்னும் பூஜ்யம். பதவியை விட்டார். மைக் பிரியர்லியைக் கூப்பிட்டார்கள். 39 டெஸ்ட் ஆடி ஒரு சதம்கூட அடிக்காத மனிதர். அடுத்த போட்டியே ஹெடிங்லியில். தலைச்சுமை இறங்கிய போத்தம் ஆட்டமிழக்காமல் 149. ஃபாலோ ஆன் வாங்கிய இங்கிலாந்து 18 ரன்னில் ஜெயித்தது. சதமடிக்காத பிரியர்லி தலைமை தாங்கிய 31 டெஸ்டுகளில் 18ஐ ஜெயித்திருக்கிறார். நம் கம்பெனியாக இருந்தால் அவரை நேர்முகத் தேர்வுக்கே கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

"அது கிரிக்கெட், இது ஆபீஸ்" என்பார்கள். சரி, ஆபீஸுக்கே வருவோம். லாரன்ஸ் பீட்டர் என்பவர் 1969இலேயே புத்தகம் போட்டுக் கிண்டல் செய்துவிட்டார்: ஒவ்வொருவரும் தன் திறமை தீர்ந்துபோகிற நாற்காலி வரைக்கும் உயர்த்தப்படுகிறார் என்று. கூகுள் தன் மேனேஜர்களை ஆராய்ந்து, நல்ல மேனேஜருக்கு வேண்டிய எட்டு குணங்களை வரிசைப்படுத்தியது. தொழில்நுட்ப அறிவுக்குக் கிடைத்தது எட்டாவது இடம். ஆனாலும் நாம் டெண்டுல்கரைக் கேப்டன் ஆக்கிக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஆக்கிவிட்டு என்ன செய்கிறார்கள்? ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட். இரண்டு நாள் 'லீடர்ஷிப் பயிற்சி'. கண்ணைக் கட்டிவிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடக்கவைப்பார்கள். காகிதக் கோபுரம் கட்டச் சொல்வார்கள். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். திங்கட்கிழமை காலையில் தலைவர் தயார். தோசைக்கல் பழகவே ஒரு மாதம் ஆகும் ஐயா! "நீ செய்தது சரியில்லை" என்று ஒருவனிடம் அவன் முகம் வாடாமல் சொல்லப் பழக இரண்டு நாளா?

இதில் இன்னொரு கூத்து, 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்கிற பேச்சு. குடும்பத்தில் யாரும் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப் குழுவில் 'அப்டேட்?' என்று கேட்பதில்லை. கேட்டால் அது குடும்பமில்லை, கந்துவட்டி.

சம்பளம் கூட வேண்டுமானால் மேனேஜர் ஆகித்தான் தீரவேண்டும் என்று படிக்கட்டைக் கட்டியவன் யாரோ, அவனைத்தான் முதலில் கேட்கவேண்டும். கணக்குப் பாடத்தைக் கதை மாதிரி நடத்துகிற வாத்தியாரைத் தலைமையாசிரியர் ஆக்குகிறோம். மறுநாளிலிருந்து அவர் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு நல்ல வாத்தியார் போனார், ஒரு சுமாரான குமாஸ்தா வந்தார். வார்டில் நோயாளிகள் பேர் சொல்லித் தேடுகிற நர்ஸம்மாவுக்கும் இதே கதிதான். பதவி உயர்வு என்று சொல்லி ஆளையே காலி செய்கிற வித்தை நமக்குத்தான் தெரியும்.

போதாக்குறைக்குத் திருக்குறளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள். 517ஆம் குறள்தான், வேறென்ன. ஆளை ஆராய்ந்து வேலையைக் கொடு என்பதோடு இவர்களுக்குக் கண் நின்றுவிடுகிறது. கொடுத்தபின் அவனிடமே விட்டுவிடு என்று வள்ளுவர் முடித்திருப்பதை யாரும் படிக்கவில்லை. புதிதாக மேனேஜர் ஆனவன் படிக்கவேண்டிய பாடமே அந்தக் கடைசிச் சொல்தான். விடுவது. நீ அரை மணியில் செய்வதை அவன் அரை நாளில் செய்வான், அதுவும் கோணலாக. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கவேண்டும். ஒன்பது பேர் வேலையையும் தானே செய்கிறவனுக்குப் பெயர் தலைவன் இல்லை. பத்தாவது கூலி.

பந்தியில் உட்கார்ந்தபோது இதையெல்லாம் தங்கை மாப்பிள்ளையிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் அசரவில்லை. சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். சமையல் மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "புளி முன்னால நிக்குது" என்றார். பையன்கள் ஓடினார்கள்.

"பாருங்க மச்சான், முப்பது வருஷம் அடுப்படியில வெந்தவர். சமையல் தெரிஞ்சதாலதானே மாஸ்டர்?"

"தெரியும் மாப்ளே. ஆனா கரண்டி யார் கையில இருக்குன்னு பாருங்க."

பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. பையன் இன்னும் மாடிப்படியை விட்டு இறங்கவில்லை.