நாலு ஸ்க்ரூவுக்கு முன்னால் ஒரு கேள்வி

கும்பகோணத்தில் 22 வருடமாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் வேலை. என் வராந்தா நீளம் 15 மீட்டர். இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறேன். ஆறு நிமிடத்தில் எத்தனை முறை போய் வருகிறார்கள் என்று எண்ணி எழுதுவேன்.

போன வருடம் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா வந்தார், 68 வயது. ஆபரேஷனுக்கு முன்னால் நூறடி நடந்தாலே தொடை கனத்து, கெண்டைக்கால் மரத்துப் போகுமாம். ஏதாவது ஒரு திண்ணையில் குனிந்து உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். பேரனுடைய சைக்கிளின் ஹேண்டில்பாரில் சாய்ந்து தள்ளிக்கொண்டே போனால் கடைத்தெரு வரைக்கும் வலி இல்லை. முதுகுத்தண்டில் நரம்பு போகும் குழாய் சுருங்கியவர்கள் எல்லோரும் சொல்வது இது. குனிந்தால் அந்தக் குழாய் கொஞ்சம் விரியும், நிமிர்ந்தால் நெருக்கும். ஸ்கேனில் நாலாவது இடுப்பு எலும்பு ஐந்தாவதின் மேல் சற்று முன்னால் நகர்ந்தும் இருந்தது.

"எலும்பு நழுவியிருக்கு, ஸ்க்ரூ போட்டே ஆகணும், இல்லேன்னா கால் விழுந்துடும்" என்று ஒரு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். இந்த நோயில் அப்படிக் கால் விழுவது அரிது. ஆனால் அதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளை யோசிப்பான்? நாலு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. காப்பீடு போக மீதிக்கு வளையல் அடகுக்குப் போனது.

அவர் இன்று நன்றாக நடக்கிறார். என் ஆதங்கமே அங்கேதான். ஸ்க்ரூ போட்டவர் நடந்துவிட்டால் ஸ்க்ரூவால்தான் நடக்கிறார் என்று டாக்டர் நம்புகிறார், வீட்டார் நம்புகிறார்கள், பல வருடம் நானும் நம்பினேன். நரம்பை அழுத்தும் எலும்பையும் தடித்துப்போன தசைநாரையும் மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, ஸ்க்ரூ இல்லாமலே தையல் போட்டிருந்தால் இதே அளவு நடந்திருப்பாரா? ஒரே ஒருவரை வைத்து அதைச் சொல்லவே முடியாது.

நார்வேயில் அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். 16 மருத்துவமனைகள், 267 நோயாளிகள், எல்லோருக்கும் இதே கோளாறு. யாருக்கு ஸ்க்ரூ, யாருக்கு வேண்டாம் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. தங்கள் முதுகைக் குலுக்கலுக்கு ஒப்புக்கொடுத்த அந்த 267 பேரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 2021-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வெளியானது. இரண்டு வருடம் கழித்து, அன்றாட முடக்கம் 30 சதவீதமாவது குறைந்தவர்கள் ஸ்க்ரூ இல்லாதவர்களில் 71.4 சதவீதம், போட்டவர்களில் 72.9. ஐந்து வருடக் கணக்கு 2024-ல் வந்தது. இரண்டு பக்கமும் 63.

ஸ்வீடனில் 247 பேரை வைத்துச் செய்த ஆய்வு இதற்கும் முந்தையது, 2016. அவர்களும் என்னைப் போலவே ஆறு நிமிடம் நடக்க விட்டு அளந்தார்கள். ஸ்க்ரூ போட்டவர்கள் நடந்தது 397 மீட்டர், போடாதவர்கள் 405. வித்தியாசம் என் வராந்தாவில் ஏறக்குறைய பாதி. அந்த இரண்டு எண்ணையும் படித்த அன்று என் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், 66 பேர்தான் என்றாலும், ஸ்க்ரூ போட்டவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள். மறுபடி ஆபரேஷனுக்குப் போனவர்களும் அவர்களில் குறைவு. முதுகு பக்கவாட்டில் ரொம்ப வளைந்தவர்கள், விபத்தில் எலும்பு நொறுங்கியவர்கள், காசநோய் எலும்பை அரித்தவர்கள் ஆகியோரின் கதையும் வேறு. அவர்களில் பலருக்கு ஸ்க்ரூ உயிர்நாடி. நான் சண்டைக்கு வருவது ஸ்க்ரூவோடு இல்லை, "போட்டே ஆகணும்" என்ற வார்த்தையோடுதான்.

எலும்பு கொஞ்சம் நகர்ந்து, நரம்புக் குழாய் சுருங்கிய பெரியவர்களுக்கு இரண்டு வழி உண்டு என்பதை ஒப்புதல் படிவத்திலேயே தமிழில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு, ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்கள், மறு ஆபரேஷனுக்கு உள்ள வாய்ப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்வீடனில் ஸ்க்ரூ போட்டவர்கள் சராசரியாக ஏழு நாள் படுத்திருந்தார்கள், போடாதவர்கள் நாலு நாள். தினக்கூலி வீட்டில் மூன்று நாள் என்பது சின்ன விஷயமா?

போன வாரம் அந்த அம்மாவின் தங்கச்சி வந்தார். அதே குனிந்த நடை, கையில் ஸ்கேன் ஃபிலிம். அக்காவுக்குப் போட்ட மாதிரியே தனக்கும் போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஃபைல் அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன்: "ஸ்க்ரூ இல்லாம நரம்பை மட்டும் விடுவிச்சா எனக்குப் போதுமா டாக்டர்? போதாதுன்னா, என் முதுகுல எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?" இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறார்.