கடலுக்குப் போகும் நீர்

அண்மையில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவிற் பேசிய பெரியவர் ஒருவர், மாணவருக்கு அறிவுரை கூறும் கட்டம் வந்ததும் மகாவலி கங்கையை உவமையாக எடுத்துக்கொண்டார். பயனின்றிக் கடலிற் கலந்துபோகும் நீரைப் போல இளமையை வீணாக்கலாகாது என்பது அவர் கூற்று. மண்டபம் கைதட்டிற்று. கைதட்டியோருள் நானும் ஒருவன். வீடு திரும்பும் வழியிலேதான் அவ்வுவமை என்னை உறுத்தத் தொடங்கியது.

கடலுக்குப் போகும் நீர் வீண் நீர் என்னும் இக்கருத்து அப்பெரியவருடைய கண்டுபிடிப்பன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஆண்ட பராக்கிரமபாகுவின் பெயரோடு சூளவம்சம் இணைத்துவைத்த கருத்து அது. மன்னராட்சி மறைந்தது, கருத்து மறையவில்லை. குடியேற்ற ஆட்சியின் பொறியியலாளரும், சுதந்திர இலங்கையின் அமைச்சர்களும், அவர்களுக்குக் கடன் கொடுத்த நாடுகளும் அதனையே ஓதினர். பாடநூலும் ஓதுகிறது. ஓர் ஆறு எவ்வளவு நெல் தரும், எத்தனை மெகாவாற் தரும் என்ற இரண்டு கேள்விகளோடு அதன் வரலாறு முடிந்துவிடுகிறது.

அந்த ஆற்றை நாம் ஒருமுறை நடந்து பார்ப்போம்.

மகாவலி 335 கிலோமீற்றர் நீளமானது. இத்தீவின் நிலத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் நீர் இவ்வாற்றுக்கே வடிகிறது. பிறக்கும் இடத்தில் அதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று உணவு. முடியும் இடத்தில் வடகீழ்ப் பருவக்காற்று. மேற்குச் சரிவுகளில் ஆண்டுமழை 5,000 மில்லிமீற்றரை எட்டும் இடங்களும் உள. அந்த மழையைச் சுமந்துகொண்டு நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வடக்கே வந்து, பேராதனைப் பூங்காவை வளைத்து, கண்டியைச் சுற்றிக் கிழக்கே திரும்பி, மினிப்பேக்கு அப்பால் மீண்டும் வடக்கு நோக்கி, மழை குறைந்த உலர்வலயச் சமவெளிக்குள் அது இறங்குகிறது. மலைப்பாறைகளின் மடிப்புகளே இவ்வளைவுகளை வகுத்தன. பாளி நூல்கள் இதனை மகாவாலுகா என்கின்றன. வாலுகம் என்றால் மணல் என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். சிங்களத்தில் ‘வெலி’ என்பதும் அதுவே. ஆற்றுக்குப் பெயரிட்டவன் அதனை நீராக மட்டும் காணவில்லை. மலையைக் கரைத்து மணலாக்கிக் கடல்வரை கொண்டு செல்லும் ஒரு தொழிலாளியாகக் கண்டான்.

அந்த மணலின் வரலாறு தேயிலைமலையில் தொடங்குகிறது. 1830களிலிருந்து கோப்பிக்காக மலைக்காடு அழிக்கப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கிற்று. 1867இலேயே பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காடு இருந்தவரை சருகும் வேரும் மழையைத் தாங்கிப் பையப்பைய விட்டன. வெறுமையான சரிவில் மழை மண்ணோடு ஓடியது. அம்மண்ணை வெட்டித் திருத்திப் பயிரிட்டவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. அச்சரிவுகளில் ஓர் அடி நிலமும் சொந்தமில்லாத அவர்களை நோக்கி, நீரேந்து பிரதேசத்தைக் காப்பாற்றுங்கள் என்று இன்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். 2025 நவம்பரின் இறுதியில் ‘டிட்வா’ சூறாவளியோடு வந்த பெருமழையில் மலைநாடு சரிந்தபோது, செங்குத்துச் சரிவில் லயம் கட்டிக் கொடுத்தவன் அங்கே இருக்கவில்லை. லயத்தில் வாழ்ந்தவளே இருந்தாள்.

அணைகளுக்கு வருவோம். 1976இல் பொல்கொல்லையில் ஆறு மறிக்கப்பட்டு, மலைக்குள்ளாகச் சுரங்கம் வழியே வடக்கே திருப்பப்பட்டது. முப்பது ஆண்டுகளில் நிறைவேற்றுவதாக வரைந்த திட்டத்தை 1977இல் வந்த அரசு ஆறே ஆண்டுகளில் முடிக்கப் புறப்பட்டது. இந்த அவசரம் யாருடையது? விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று நாடுகள் பணத்தோடு வந்தன. 122 மீற்றர் உயர்ந்த விக்டோரியா அணைக்குப் பின்னே பழைய தெல்தெனிய நகரம் அமிழ்ந்தது. கொத்மலையிலே மூழ்கிய கடதொர விகாரை, கோடை முற்றி நீர் வற்றும்போது இன்றும் தலைகாட்டுகிறது. 2012இல் தொடங்கிய மேல்கொத்மலைத் திட்டத்தின் பின், தலவாக்கலை சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்கு நாளின் ஒரு பகுதிக்கே நீர் திறந்துவிடப்படுகிறது. நேரசூசிப்படி விழும் அருவியைப் பார்க்க நம் மாணவரை நாமும் பேருந்தில் அழைத்துச் செல்கின்றோம்.

விளக்கும் சோறும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இக்கட்டுரையை எழுதும் மேசையில் எரிவதும் அந்த மின்சாரமாக இருக்கலாம். தெற்கிலிருந்து வந்து இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் பெற்ற சிங்களக் குடியானவன் என் பகைவனல்லன். பிள்ளைகள் பெருக அந்த இரண்டரை ஏக்கர் அவனுக்கும் போதாமற் போயிற்று. எனது வழக்கு அவனோடன்று. எஞ்சிய நீரெல்லாம் வீண் என்னும் கணக்கோடு.

அந்த ‘வீண் நீர்’ என்ன செய்தது என்பதைக் கீழ்ச் சமவெளியில் காணலாம். மன்னம்பிட்டிக்குக் கீழே ஆறு கரைபுரளும்போது இருமருங்கிலும் உள்ள பள்ளங்களில் நீர் ஏறும். இவற்றுக்கு வில்லு என்று பெயர். ஹந்தபான் வில்லு இவற்றுட் பெரியது. மாரியில் வெள்ளம் வண்டலையும் மீன்குஞ்சுகளையும் கொண்டுவந்து இவற்றை நிரப்பும். பின் ஆறு வடிய வடிய, வில்லு தன் நீரை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். நீர் பின்வாங்கிய ஈரத்தில் புல் முளைக்கும். சுற்றிலும் காடு காய்ந்து நிற்கும் மாதங்களில் யானையும் எருமையும் பட்டிமாடும் அந்தப் புல்லால் வாழ்ந்தன. எந்தப் பொறியியலாளனும் கட்டாத குளங்கள் இவை. கூலி கேட்காமல் வேலை செய்தவை. வெள்ளம் என்று நாம் அஞ்சுவதே இவற்றின் உயிர். மேலே அணைகள் வெள்ளத்தைப் பிடித்து வைத்தபின் வில்லு எதனால் நிரம்பும்? 1984இல் இவ்வெள்ளச் சமவெளி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காவின் எல்லையை வர்த்தமானி வரைந்தது. அதற்குரிய வெள்ளத்தின் அளவை வரையவில்லை.

மீன்களைப் பற்றியும் ஒரு சொல். மகாவலியிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டையினம் ஒன்று உண்டு; சிங்களத்தில் அதனைக் ‘கடயா’ என்பர். பாறைகளுக்கிடையே பாயும் ஆழ்ந்த நீரில் வாழ்வது அது. பாய்ந்த நீர் தேங்கிய நீரானபோது அதன் வீட்டின் பெரும்பகுதி போயிற்று. அதற்கு நட்டஈடு கேட்க யாருமில்லை. மனிதருக்கே கிடைக்காத நாட்டில் மீனுக்கா என்பீர்கள். மாதுறு ஓயா 1983இல் தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் வெளியேற்றப்பட்டனர். அணை கொண்ட காட்டுக்கு ஈடாகப் பூங்கா. பூங்காவுக்கு ஈடாக வேடன்.

ஆறு கடலை அடையும் இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு கிளை மூதூரருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மற்றது வெருகலாறாகப் பிரிந்து, சித்திர வேலாயுதர் கோயிலைக் கடந்து கடலைச் சேர்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இம்முகங்களிலே கண்டல் வளர்கிறது. கண்டல் வேரிடையில் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நன்னீர் குறைந்தால் உப்பு ஆற்றின் உள்ளே ஏறும். கரையோரக் கிணறும் வயலும் கெடும். மணல் வராவிட்டால் கடல் கரையைத் தின்னும். அந்த மணல் இன்று நீர்த்தேக்கங்களின் அடியிற் கிடக்கிறது. தப்பி வருவதை இயந்திரங்கள் ஆற்றின் நடுவிலேயே அள்ளுகின்றன. குடாவின் அடியிலோ ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று கரையோரத்திலேயே தொடங்கிக் கடலுக்குள் நெடுந்தூரம் இறங்குகிறது. திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்கள் உலாவுவது அத்தகைய ஆழம் கரைக்கு அண்மையில் இருப்பதாலேயே. ஆறு கடலோடு முடிந்துவிடுவதாகக் கோடு கிழித்தது நம் தேசப்படம்தான்.

இந்தக் கடைமுகத்து மக்களின் கதையை யார் எழுதினார்? 2006 ஜூலையில் மாவிலாற்றின் துருசுகள் மூடப்பட்டன. வயல் காய்ந்து நின்ற சிங்கள, முஸ்லிம், தமிழ் உழவரின் பெயரால் போர் மீண்டும் மூண்டது. நீரை மறித்தவரும், நீருக்காகப் படை நடத்தியோரும் அந்த உழவனைக் கேட்டுச் செய்யவில்லை. வடக்கே மணலாற்றிலோ மகாவலியின் நீரே சென்றடையவில்லை. ஆனால் மகாவலியின் பெயரால் நிலம் மட்டும் எடுக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் ஓர் ஆற்றின் பெயரில் இவ்வளவு அதிகாரத்தைக் குவித்திருக்கிறது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நீரைப் பங்கிட ஒரு குழு கூடுகிறது. மின்சாரம், நீர்ப்பாசனம், குடிநீர் ஆகியவற்றின் அதிகாரிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து, எவ்வளவு நீர் எங்கே என்று தீர்மானிக்கின்றனர். வில்லுக்கு எவ்வளவு, வெருகல் முகத்துக்கு எவ்வளவு, எந்த மாதத்தில் என்று அந்த ஏட்டில் ஒரு நிரல் சேர்க்கப்படவேண்டும். அந்நிரலைப் பற்றிப் பேச மூதூரின் மீனவன் ஒருவனுக்கும் வெலிக்கந்தையின் மாட்டுக்காரன் ஒருவனுக்கும் அங்கே நாற்காலி போடவேண்டும். பரிசளிப்பு விழாவிற் பேசிய பெரியவர் இதனை வாசிக்க நேர்ந்தால், அவரையும் வெருகலுக்கு அழைத்துச் செல்ல நான் ஆயத்தமாக இருக்கின்றேன். விடியற்காலையில் வலை இழுப்பவரிடம், கடலுக்கு வந்த இந்த நீர் வீணா என்று அவரே கேட்கட்டும்.