கார்ட்டிசால் மேல் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தில் 'ஸ்ட்ரெஸ் இல்லாமல் வாழ்வோம்' என்று ஒரு கூட்டம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களுக்காக ஏற்பாடு செய்தது. அங்கே வேலை செய்யும் என் மாணவன் ஒருவன், "சார், நீங்க பயாலஜி எடுத்தவரு, வந்து கேளுங்க" என்று கூப்பிட்டான். போனேன்.

பேச வந்தவர் கோட் போட்டிருந்தார். கார்ட்டிசால் ஒரு விஷம் என்றார். நம் தவறான எண்ணங்கள்தான் அதைச் சுரக்க வைக்கின்றன என்றார். தினமும் பத்து நிமிடம் மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், கண்ணாடி முன் நின்று சிரியுங்கள் என்றார். வெளியே மேஜை போட்டு ஒரு பவுடர் டப்பா விற்றார்கள், 1,200 ரூபாய். இரண்டாவது வரிசையில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள். "எனர்ஜி எங்கே?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

விஷம் என்றாரே, அதை முதலில் பார்ப்போம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே அட்ரினல் சுரப்பி, பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள், அதன் வெளிப்பகுதியில் சுரப்பது கார்ட்டிசால். அது போதுமான அளவு சுரக்காத நோயை 1855-இலேயே தாமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வைத்தார். மருந்து இல்லாத அந்தக் காலத்தில் அந்த நோயாளிகள் இறந்துபோனார்கள். இன்றும் அவர்கள் உயிர்வாழ அதே ஹார்மோனைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். விஷமாம்!

ராத்திரி மணிமங்கலம் ரோட்டில் நாய் துரத்தினால் என்ன ஆகிறது? அட்ரினலின் பாய்கிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் நிற்கிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசாலும் சேர்ந்துகொள்கிறது. நாய் போனதும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். கொஞ்ச நேர ஆபத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நாய் போகவே இல்லை என்றால்தான் தொல்லை. ஏறிய பிரஷர் இறங்காது, சர்க்கரை இறங்காது, தூக்கம் கெடும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், நோய் எதிர்ப்பு தளரும்.

என்னைக் கூப்பிட்ட மாணவனுக்கு வயது 34. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, எழுந்த அரை மணி முக்கால் மணியில் உச்சத்துக்குப் போய், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டியது. இந்த உடல் கடிகாரத்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்த்த முடியும். எட்டு மணி நேரம் நகர ஒரு வாரம் வேண்டும். அந்த ஒரு வாரம் முடியும்போது ஷிப்ட் மாறிவிடுகிறது! அவன் உடம்பு வருஷம் முழுக்க வேறு ஏதோ ஊர் நேரத்தில் ஓடுகிறது. இதில் எந்த எண்ணம் தவறான எண்ணம்?

எண்ணம்தான் காரணம் என்பவர்களுக்கு லண்டன் கதை ஒன்று. 1967-இல் தொடங்கி 17,000-க்கும் அதிகமான ஆண் அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். மேலதிகாரிகளுக்குத்தானே டென்ஷன் என்றுதான் நாமும் நினைப்போம். கடைநிலை ஊழியர்கள்தான் இதய நோயில் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இறந்தார்கள். சிகரெட், பிரஷர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது முக்கியமான காரணம் என்று அதே வழியில் நடந்த அடுத்த ஆய்வு காட்டியது. லீவு கேட்க லைன் லீடர் முகத்தைப் பார்த்து நிற்பவனுக்கு இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

2023 ஏப்ரல் 21 நினைவிருக்கிறதா? 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், கூடாது என்று சமாதானம் சொன்னார்கள். வாரக் கணக்கு சம்பளப் பட்டியலுக்குச் சரி, உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. 12 மணி நேரத்தோடு உத்திரமேரூர், செய்யாறு பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள், தூங்க என்ன மிஞ்சும்? தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருஷம். அந்த எட்டு மணி நேரத்தைக் காப்பாற்றியது மூச்சுப்பயிற்சி இல்லை.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். ஓ.டி. போட்டால்தான் பைக் டியூ கட்ட முடியும் என்கிற பையன்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. அடிப்படைச் சம்பளத்தை அப்படி வைத்தவர்களைச் சொல்கிறேன்.

மூச்சுப்பயிற்சியை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். தினமும் காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு நானும் செய்கிறேன், பலன் இருக்கிறது. ஆனால் நான் பென்ஷன் வாங்குகிறவன். மதியம் தூங்குகிறவன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ரிசல்ட் காட்ட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, மார்க் குறைந்த பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவன் நான். வீட்டில் ஒப்பித்த பதில் பரீட்சை ஹாலில் வரவில்லை என்று அழுதவர்களை, "நீ படிக்கலை" என்று திட்டியிருக்கிறேன். பயத்தில் ஏறும் கார்ட்டிசால், படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவதையே தடுக்கும் என்று ரிட்டயர் ஆன பிறகுதான் படித்தேன். மண்டபத்தில் தூங்கிய மூன்று பேரில் ஒருவன் அப்படி என்னிடம் திட்டு வாங்கியவன்.

அடுத்த மாதம் இரண்டாம் கூட்டமாம். கேள்வி நேரம் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். மாணவனின் மூன்று மாத ஷிப்ட் அட்டவணையை, பெயரை மறைத்து, பெரிய தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். கோட் போட்டவரிடம் இல்லை, பக்கத்தில் உட்காரும் ஹெச்.ஆர். அதிகாரியிடம் நீட்டப்போகிறேன். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.