டிக்கியைத் திறக்கச் சொல்லக் காரணம் வேண்டும்

ராமேசுவரம் தீவுக்கு வாகனத்தில் வந்துபோக, 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. பாலம் இறங்கினால் அக்காள்மடம், தங்கச்சிமடம் என நீளும் அதே சாலையில்தான் யாத்ரீகர்களின் வேனும் மீன் வண்டியும் நோயாளியை ஏற்றிய ஆட்டோவும் போயாக வேண்டும். இலங்கைக்குக் கடத்துவதற்காகக் கஞ்சாவும் பீடி இலையும் கடல் அட்டையும் இந்தக் கடற்கரைக்கு வருவதும் உண்மை. ஆகவே வாகனச் சோதனையே கூடாது என்பது பொறுப்பான வாதமாகாது. ஆனால், மாற்றுப் பாதையே இல்லாத மக்களிடம் அந்தச் சோதனை எதுவரை போகலாம் என்று கேட்டே தீர வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவுப்படி, சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். டிக்கியைத் திறக்கவோ பையைக் கொட்டிப் பார்க்கவோ அந்தப் பிரிவு அதிகாரம் தரவில்லை. அந்த அதிகாரம் போதைப்பொருள் தடுப்பு, சுங்கம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டங்களில் இருக்கிறது. மூன்றுமே அதிகாரியிடம் தக்க காரணத்தைக் கேட்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவோ, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது.

சோதனைக்கு முன் அந்தக் காரணத்தை எழுதிக்கொண்டிருந்தால் கடத்தல்காரன் தப்பிவிடுவான் என்பார்கள். அவசரமானால் சோதனையை முடித்துவிட்டு எழுதலாம், தாமதத்துக்கு விளக்கம் வேண்டும் என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு வழிவிட்டிருக்கிறது. அறவே எழுதாமல் விடுவதுதான் கடத்தல்காரனைக் காப்பாற்றுகிறது. ஹரியாணாவில் ஜீப்பில் போதைப்பொருள் மூட்டைகளோடு பிடிபட்டுத் தண்டனையும் பெற்றவர்களை 2021-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கிடைத்த தகவலை எழுதிவைக்க வேண்டும் என்ற, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவைக் காவல் துறை பின்பற்றவில்லை என்பதே காரணம்.

குற்றமற்றவருக்கு என்ன பயம் என்ற கேள்வியும் எழும். உண்மையில் பாதுகாப்பே இல்லாதவர் அவர்தான். முறைகேடான சோதனை என்பதாலேயே அதில் கிடைத்த சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1973-ஆம் ஆண்டுப் பூரண்மல் தீர்ப்பு. பொருள் சிக்கினால் வழக்கு நடக்கும், சோதனை முறையாக நடந்ததா என்று நீதிமன்றத்தில் வாதிடவாவது முடியும். எதுவும் சிக்காதவரின் வண்டியைக் குடைந்த கதையோ எந்த நீதிபதியின் முன்னும் வராது. பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம், சோதனையிடப்பட்டவர் அதன் பதிவின் நகலைக் கேட்டுப் பெற வழிசெய்தது. ராமநாதபுரம் மாவட்டக் காவல் துறையும் இதைத் தொடங்கலாம்: டிக்கி திறக்கப்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும், ஒன்றும் கிடைக்காவிட்டாலும், அதிகாரியின் பெயர், நேரம், காரணம் எழுதிய ஒரு சீட்டு.