40 ஆண்டு உறங்கும் தூசு

சென்னையில் இருந்து செங்கற்பட்டு செல்லும் சாலையில் இருக்கிறது, மறைமலைநகர். மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்.

அங்கே உழைக்கும் மக்களும் அவர்கள் குடும்பத்தாரும் அறிந்துகொள்ள வேண்டிய நோய் ஒன்று உண்டு. அதன் பெயர், "மீசோதீலியோமா".

வாயில் நுழையாத பெயர்தான். ஆனால், அதைக் கொண்டுவரும் பொருள் நமக்குப் புதியது அல்ல. அதுதான் கல்நார். "ஆஸ்பெஸ்டாஸ்" என்றால் எல்லோருக்கும் தெரியும். கூரைக்குப் போடும் ஷீட்டில் அது இருக்கிறது. முன்பு வண்டிகளின் பிரேக் பட்டைகளிலும் அதைச் சேர்த்தார்கள்.

மூச்சோடு போகும் நார்

கல்நார் ஷீட்டை அறுத்தால் தூசு கிளம்பும். அந்தத் தூசில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கும். மூச்சோடு அவை உள்ளே போகும். நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுவரை அவை போய்ச் சேரும்.

உடனே ஒன்றும் ஆகாது. 20 ஆண்டு ஆகலாம். 40 ஆண்டும் ஆகலாம். அதன் பிறகு சிலருக்கு அந்தச் சவ்வில் புற்றுநோய் தோன்றும். நெஞ்சில் நீர் கோக்கும். மூச்சு வாங்கும். நெஞ்சு வலிக்கும்.

1960-ல் தென் ஆப்பிரிக்காவில் டாக்டர் வாக்னரும் அவருடைய தோழர்களும் இப்படிப்பட்ட 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்களும் இருந்தார்கள். சுரங்கத்தின் அருகே குடியிருந்ததுதான் அவர்கள் செய்த ஒரே குற்றம்!

மருந்து என்ன செய்யும்?

இந்த நோய்க்கு அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றது அல்ல. பலருக்கும் கொடுப்பது "கீமோதெரபி" என்னும் மருந்துச் சிகிச்சை. "பெமிட்ரெக்ஸெட்", "சிஸ்பிளாட்டின்" என்ற இரண்டு மருந்துகளை 21 நாளுக்கு ஒரு முறை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள்.

கூடவே போலிக் அமில மாத்திரையும், பி-12 ஊசியும் உண்டு. "வெறும் சத்து மாத்திரைதானே" என்று அதை விட்டுவிடக் கூடாது. மருந்தின் கடுமையைத் தணிப்பது அதுதான்.

இதனால் பலன் உண்டா? 2003-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை சொல்கிறது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 9 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். இரண்டு மருந்தும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

அதன் பிறகு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் வந்தன. 2021-ல் வெளியான ஆராய்ச்சியில் அவை 18 மாதங்களைத் தந்தன. அதே ஆராய்ச்சியில் கீமோதெரபி தந்தது 14 மாதங்கள்.

மூன்று, நான்கு மாதங்கள்தானா? ஆம். நோயை அடியோடு போக்கும் மருந்து இது அல்ல. ஆனால், பலருக்கு வலியும் மூச்சு முட்டலும் குறைகின்றன. குடும்பத்தோடு உட்கார்ந்து பேச நாள் கிடைக்கிறது. அது சிறிய காரியமா?

ஆகவே, "முழுக் குணம் தருகிறேன்" என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். "இனி என்ன பயன்?" என்று நோயாளியைக் கைவிடவும் செய்யாதீர்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் அடையாற்றில் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

ஏடு எங்கே?

டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை செய்தீர்கள்?" என்பதே அது. அப்போது ஆலை மூடப்பட்டிருக்கலாம். காண்டிராக்டர் போன இடம் தெரியாது. நோயாளி எதைக் காட்டுவார்? தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் சட்டம் இந்த நோயையும் சேர்த்திருக்கிறது. ஆனால், சான்று இல்லாமல் நஷ்டஈடு பெறுவது எப்படி?

இதை எண்ணித்தான் சுப்ரீம் கோர்ட்டு 1995 ஜனவரி 27-ந் தேதி ஒரு தீர்ப்பு அளித்தது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலக் குறிப்பை, வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டு வரை பாதுகாக்க வேண்டும்; அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு வரை பாதுகாக்க வேண்டும். இவற்றில் எது பிந்தியதோ, அதுவரை ஏடு இருக்க வேண்டும் என்றது கோர்ட்டு.

அந்த ஏடு ஆலையின் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது. வேலையை விட்டுப் போகும் நாளில் தொழிலாளியின் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். காண்டிராக்டு தொழிலாளிக்கும் அதைக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் இதைக் கவனித்துச் செய்யட்டும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கூரை உடையாமல் நன்றாக இருந்தால் பதற வேண்டாம். அதை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள். உடைந்த துண்டுகளைக் குழந்தைகள் கையில் விடாதீர்கள். தூசு படிந்த வேலை உடையை வீட்டில் உதறாதீர்கள். பழைய அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

பிரிட்டன் 1999-ல் கல்நாரைத் தடை செய்தது. நம் நாட்டிலோ கல்நார் இன்னும் வெளிநாட்டில் இருந்து இறக்குமதி ஆகிறது. எவ்வளவு சிறந்த மருந்தும் இன்று தருவது சில மாதங்களே. தூசைத் தடுத்தாலோ, ஒரு மனிதனின் ஆயுளே மிஞ்சும். தடுக்க வேண்டிய காலம் இதுதான்!