பாலுக்கு எவ்வளவு, பேருக்கு எவ்வளவு?

எங்க ஊர் திருவேங்கடம். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடு. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து விளையுற மண். மழை ஏமாத்துற வருஷத்துல பல வீடுகள்ல தினமும் கையில காசு புழங்குறது, தொழுவத்துல நிக்கிற ரெண்டு மாட்டாலதான். அதனால "எந்தப் பால் வாங்கலாம்?"னு யாராவது கேட்டா, உடம்புக்கு எது நல்லதுங்கிறதோட, காசு யார் வீட்டுக்குப் போகுதுங்கிற கேள்வியும் எனக்குக் கூடவே வரும்.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. இன்னும் சில மாசத்துல நம்ம பேட்ச்ல பாதிப்பேர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு கிளம்பிடுவோம். நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம், ஒரு கேஸ் அடுப்பு, முதல் மாச சம்பளம். அப்போ கடையில மூணு பால் நம்மளைப் பார்க்கும். ஒண்ணு சாதா பாக்கெட். இன்னொண்ணு தெருவுல ஊத்துற கறவைப் பால். மூணாவது, கண்ணாடி பாட்டில்ல வர்ற ஆர்கானிக் பால். அந்த மூணாவது எங்க ஊர்க் கடைக்கு இன்னும் வரல, ரீல்ஸ்ல மட்டும் தினமும் வருது.

முதல்ல கணக்கைப் போடுவோம். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய்னா மாசம் 1200. தெருப் பால் 50 ரூபாய்னு வச்சுப்போம், மாசம் 1500. ஆர்கானிக் லிட்டர் 100 ரூபாய்னே வச்சாலும் 3000. நீலத்துக்கும் ஆர்கானிக்குக்கும் தலைக்கு 450 ரூபாய் வித்தியாசம். முட்டை ஒண்ணு 6 ரூபாய்னா, அந்தக் காசுக்கு ஒரு ஆளுக்கு மாசம் 75 முட்டை. இந்த 450 ரூபாயைக் கொடுத்து நாம எதை வாங்குறோம்?

பாக்கெட் கலரைப் பார்ப்போம். கலர் சொல்றது கொழுப்பு அளவைத்தான். நீலம் சமன்படுத்தப்பட்ட பால்: 3 சதவீதம் கொழுப்பு, 8.5 சதவீதம் கொழுப்பில்லாத மற்ற சத்து. ஆரஞ்சு நிறைகொழுப்புப் பால்: 6 சதவீதமும் 9 சதவீதமும். புரதம், லாக்டோஸ், சுண்ணாம்புச்சத்து எல்லாம் அந்த ரெண்டாவது எண்ணுக்குள்ளதான் வருது. 8.5-க்கும் 9-க்கும் பெரிய தூரம் இல்ல. ஆரஞ்சுக்கு நாம கூடக் கொடுக்கிற காசு லிட்டருக்கு 30 கிராம் கொழுப்புக்குப் போகுது. 2022 நவம்பர்ல ஆரஞ்சு விலை 48-ல இருந்து 60 ஆச்சு. டீ போட, ஓட்ஸ்ல ஊத்த நீலமே போதும். கெட்டித் தயிர் வேணும்னா அன்னைக்கு மட்டும் ஆரஞ்சு வாங்கலாம்.

"பாக்கெட் பால் முழுக்க கெமிக்கல்"னு வீட்டுல சொல்றாங்க, வாட்ஸ்அப்லயும் சொல்றாங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதிச்சது. பாக்கெட் பாலும் உண்டு, கறந்த பாலும் உண்டு. உடம்புக்கு ஆபத்தான கலப்படம் இருந்தது 12-ல மட்டும். ஆனா அதே அறிக்கையில யாரும் ஃபார்வர்ட் பண்ணாத இன்னொரு விஷயம் இருக்கு: அஃப்லாடாக்சின் எம்1. பூஞ்சை பிடிச்ச தீவனத்தை மாடு தின்னா, அந்த நஞ்சு உருமாறி பால்ல இறங்கும். மொத்த மாதிரிகள்ல 5.7 சதவீதத்துல இது அளவுக்கு மேல இருந்தது. தமிழ்நாட்டுல 551 மாதிரிகள்ல 88. கறந்த பாலைவிட பாக்கெட் பால்லதான் அதிகம். காய்ச்சினாலும் இது போகாது.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது உடனே புரியும். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் மூணும் ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கிற சரக்கு. ஐப்பசி மழையில மூட்டை நனைஞ்சா, கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சாலும் தூக்கிப்போட மனசு வராது. காசு போட்டு வாங்கினது, மாட்டுக்குத்தானேன்னு வச்சிடுவாங்க. மாடு மூலமா அது நம்ம டம்ளருக்கு வந்துடும். பால்ல பயப்பட வேண்டிய இடம் பாக்கெட்டைவிடத் தீவன மூட்டைதான்.

சரி, அப்போ ஆர்கானிக்தான் வழியா? அந்த வார்த்தைக்கு இந்தியாவுல சட்டம் இருக்கு. 2017-ல வந்த விதிப்படி, கடையில ஆர்கானிக்னு விக்கணும்னா அரசு ஏத்துக்கிட்ட சான்றிதழ் வேணும், பாக்கெட்டுல ஆர்கானிக் முத்திரை இருக்கணும். 'பண்ணைப் பால்', 'இயற்கைப் பால்', 'நாட்டு மாட்டுப் பால்'னு எழுதியிருந்தா அது ஆர்கானிக்னு அர்த்தம் ஆகாது. 'ஏ2'வும் அப்படித்தான். அது பால் புரதத்துல ஒரு வகை. நம்ம நாட்டு மாடுகள்லயும் எருமையிலயும் பெரும்பாலும் அதுதான் இருக்கு. மாடு என்ன தின்னுச்சுன்னு ஏ2 சொல்லாது. 2024 ஆகஸ்ட்ல அந்த ஏ1, ஏ2 பேரையெல்லாம் பாக்கெட்டுல இருந்து எடுங்கன்னு ஆணையம் உத்தரவு போட்டு, சில நாள்லயே வாபஸ் வாங்கிடுச்சு. முத்திரை இருக்கிற ஆர்கானிக் பாலை நான் குறை சொல்லல. உழைப்பு இருக்கு, விலை கூடத்தான் செய்யும். ஆனா அந்த முத்திரையால புரதம் ரெட்டிப்பாகாது. பருப்பு, முட்டை, கீரை, பழம் எல்லாம் வாங்கினபிறகு பர்ஸ்ல மிச்சம் இருந்தா வாங்கிக்கலாம்.

இப்போ தெருப் பால். சொந்த ஊர்னு கண்ணை மூடிட்டு நம்ப வேண்டாம். 50 ரூபாய்ப் பால்ல அஞ்சுல ஒரு பங்கு தண்ணின்னா, நிஜப் பாலுக்கு நாம கொடுக்கிறது லிட்டருக்கு 62 ரூபாய் 50 காசு. ஆரஞ்சு பாக்கெட்டைவிட அதிகம்! பால்மானி வச்சுப் பார்க்கலாமேன்னு தோணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவங்களுக்கு அதோட ஓட்டை தெரியும். தண்ணி கலந்தா அடர்த்தி குறையும், ஆடையை எடுத்தா கூடும். ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா பால்மானி சாதாரணமாவே காட்டும். அதனாலதான் சொசைட்டியில கொழுப்பையும் சேர்த்து அளந்து காசு போடுறாங்க. வீட்டுல அதுக்கு வழி இல்லைன்னா, ஒரு வாரம் தயிர் உறை ஊத்திப் பாருங்க. பால் எப்படின்னு ஓரளவு தெரிஞ்சிடும். பச்சைப் பாலை மட்டும் அப்படியே குடிக்காதீங்க. பாக்கெட் பாலை 72 டிகிரியில 15 நொடி சூடாக்கிக் கிருமியைக் கொன்னுதான் அனுப்புறாங்க. தெருப் பால்ல அந்த வேலை நம்ம அடுப்போடது.

இவ்வளவு சொல்லிட்டும் ஊர்ல இருக்கிறவங்களுக்கு என் ஓட்டு தெருப் பாலுக்குத்தான். பசும்பாலுக்கு ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பர்ல 35 ரூபாய் ஆச்சு. 2023 டிசம்பர்ல 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38. அதே பாலை நம்ம வீட்டு வாசல்ல 50-க்கு ஊத்தினா அந்த வீட்டுக்கு லிட்டருக்கு 12 ரூபாய் கூட. இன்னொரு லாபம் நமக்கு. "அக்கா, மாட்டுக்கு என்ன வைக்கிறீங்க? மழைக்கு மூட்டை நனையாம இருக்கா?"ன்னு நேர்ல கேட்கலாம், தொழுவத்தை எட்டிப் பார்க்கலாம். எந்த கண்ணாடி பாட்டில்கிட்டயும் இதைக் கேட்க முடியாது. நனைஞ்ச புண்ணாக்கைத் தூக்கிப்போடுற அக்காவுக்கு ரெண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறதும் நியாயம்தான். அந்த நஷ்டத்தை அவங்க மட்டும் ஏன் சுமக்கணும்?

நகரத்துல ரூம் எடுத்து இருக்கிறவங்க, மாடும் தெரியாது, மாட்டுக்காரங்களும் தெரியாதுன்னா, கூச்சப்படாம நீலப் பாக்கெட் வாங்குங்க. அதுவும் எங்க ஊர் மாதிரி ஏதோ ஒரு ஊர்ல, விடியக்காலையில எந்திரிச்சு கறந்து சொசைட்டியில ஊத்தின பால்தான். கேன் பாலை ரூம் வாசல்ல கொண்டுவந்து "ஃபார்ம் ஃப்ரெஷ்"னு சொன்னா, எந்த ஃபார்ம்னு கேளுங்க. பதில் வரலைன்னா அந்தப் பேருக்குக் காசு கொடுக்காதீங்க.

முதல் சம்பளத்துல எல்லாமே 'பெஸ்ட்' வாங்கணும்னு தோணும். அளந்து பார்க்க முடியிறதுக்கும், நேர்ல கேட்க முடியிறதுக்கும் தாராளமாக் காசு கொடுங்க. மிச்சமாகிற 450 ரூபாய்க்கு முட்டை வாங்குங்க மக்களே!